சுவருக்கு அந்தப் பக்கம் கிளெம்

ஜைல்ஸ் ஹேவர்கலைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. கோவிலை வாங்கி அதில் அடுப்பு மூட்டிக் குடியிருக்கிறவனை எப்படிப் பிடிக்கும்? எங்கள் ஸ்கார்ன்பியில் எழுநூறு வருஷமாக நின்ற செயின்ட் பொட்டால்ஃப் கோவில் அது. கூரை ஒழுகுகிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் ஒன்பதே பேர், அதிலும் இரண்டு பேர் தூங்குகிறார்கள் என்று சொல்லி ஆறு வருஷத்துக்கு முன் பேராயம் அதைப் பூட்டியது. அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான் என்பது உண்மைதான், ஆனால் அதற்காகக் கோவிலை விற்பார்களா? விற்றார்கள். லண்டனிலிருந்து இவன் வந்து வாங்கினான். பீடம் இருந்த கிழக்குப் பக்கம் முழுவதையும் சமையலறை ஆக்கினான். ஊரே வாயைப் பிளந்து பார்த்தது, ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசினேன். பேசிக்கொண்டே இருந்தேன்.

அவன் கை வைக்க முடியாதவை பழைய கற்கள் மட்டும்தான். ஞானஸ்நானத் தொட்டி, பீடத்துப் படிகள், குருமார் உட்காருவதற்காகத் தெற்குச் சுவரிலேயே குடைந்த மூன்று இருக்கைகள், அவற்றுக்குப் பக்கத்தில் சுவர்க்குழி. எடுக்கக் கூடாது, இடிக்கக் கூடாது, ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கவுன்சில்காரர்கள் வந்து ஒவ்வொன்றையும் படம் பிடித்துப் போயிருந்தார்கள். அதனால் அவன் தொட்டியைச் சுற்றி சோபா போட்டான், இருக்கைகளில் சமையல் புத்தகங்களை அடுக்கினான். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். ஆனாலும் அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். சுவர்க்குழி விஷயம் வேறு. அது என் புருஷனுடையது.

சுவரில் ஒரு சின்ன மாடம். அதன் அடியில் இலை இலையாகச் செதுக்கிய கல் கிண்ணம், கிண்ணத்தின் நடுவில் ஒரு துளை. திருவிருந்து முடிந்ததும் பாதிரியார் திராட்சரசப் பாத்திரத்தைக் கழுவி அந்தத் தண்ணீரை அதில்தான் ஊற்றுவார். பீடத்துத் துணிகளை அலசுகிற முதல் தண்ணீரும் அதில்தான் போகும். புனிதமானதைத் தொட்ட தண்ணீர் சாக்கடையில் கலக்கக் கூடாது, மண்ணுக்குத்தான் போக வேண்டும். துளை சுவருக்குள்ளேயே இறங்கி, வெளியே கல்லறைத் தோட்டத்து மண்ணில் போய் முடிகிறது.

என் கிளெம் அந்தத் தோட்டத்தில் நாற்பது வருஷம் குழி வெட்டியவர். எந்த இடத்தில் களிமண், எந்த இடத்தில் யாருடைய எலும்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஈரல் கெட்டுப்போனதும் வீட்டில் நான் ஒரு பாட்டிலை விட்டுவைக்கவில்லை. அப்போதுதான் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"செத்தா என்னைய சுவர்க்குழிக்கு வெளிப்பக்கம் போட்டுரு எட்னா."

"அங்க என்ன கொட்டியா கிடக்கு?"

"வாராவாரம் ஒரு வாய் வரும்ல. நீதான் வீட்டுல ஒரு சொட்டு கண்ணுல காட்ட மாட்டேங்குற."

"செத்தும் குடிக்கணுமா உனக்கு? வெக்கங்கெட்ட ஜென்மம்!"

ஆனால் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அதையே சிரிக்காமல் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் துளைய மட்டும் அடைக்க விட்டுராத," என்றார். "விட மாட்டேன், போதுமா? பேசாம தூங்கு," என்றேன். அவரிடம் நான் கடைசியாகக் கொடுத்த வாக்கு அதுதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவரை அங்கேதான் அடக்கம் செய்தோம். மேற்கே தலை, கிழக்கே கால். அவருடைய இடது தோளுக்கு நேராகத் துளை வந்து முடிகிறது. பக்கத்தில் எனக்கும் இடம் விட்டிருக்கிறது. முதல் மூன்று வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் பாதிரியார் ஊற்றும்போது நான் வரிசையில் உட்கார்ந்து, 'குடி, நல்லா குடி' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். பிறகு கோவிலைப் பூட்டினார்கள். அவருக்கு வரவேண்டியது நின்றுபோனது. சரி, துளையாவது திறந்து கிடக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன ஏப்ரலில் அவருடைய இடது தோள் பக்கம் புல் பழுத்தது. முதலில் உள்ளங்கை அகலம். அப்புறம் முழ அகலம். நான் நட்டிருந்த மஞ்சள் பிரிம்ரோஸ் செடிகள் நாலும் வெந்த கீரையாகச் சாய்ந்தன. குனிந்து மண்ணை எடுத்து முகர்ந்தேன். பிளீச் வாடை! நம் வீட்டுக் கழிவறையில் ஊற்றுகிறோமே, அதே வாடை. சுவருக்கு உள்ளே யாரோ ஊற்றுகிறார்கள், வெளியே என் புருஷன் தலையில் விழுகிறது. உள்ளே இருக்கிறவன் ஒருத்தன்தானே?

அன்றைக்குச் சனிக்கிழமை. அவன் வாசலில் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

"மிஸ்டர் ஹேவர்கல், சுவர்க்குழியில என்ன ஊத்துறீங்க?"

"குட் மார்னிங், மிசஸ் ரட்கின். எதுல?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. உங்க சமையக்கட்டுச் சுவத்துல இருக்கிற குழி."

"ஓ, பிசினாவா? நான் அதத் தொடுறதே இல்ல. தூசி தட்டக்கூட பயமா இருக்கு. தொட்டா கவுன்சில்ல இருந்து லெட்டர் வருது."

"அப்புறம் எப்படி என் வீட்டுக்காரர் மேல புல்லு கருகுது?"

அவன் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். "புல்லுன்னா காயும் மிசஸ் ரட்கின். இதுக்கெல்லாமா காலங்காத்தால சண்டைக்கு வருவீங்க? அவர் போய் ஒன்பது வருஷம் ஆச்சு. அவருக்கு என்ன, அரிக்குதா?"

அவன் வேடிக்கைக்குச் சொன்னானோ என்னவோ. எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"டேய்! பீடம் இருந்த இடத்துல பன்னிக்கறி பொரிக்கிறவன்டா நீ! உன் வாய்க்கு நல்லதா வரும்? ஊத்துறத நிறுத்து. இல்லேன்னா நான் நிறுத்துவேன்!"

"கேட்டை மூடிட்டுப் போங்க," என்றான் அவன். மறுநாள் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு பலகை தொங்கியது: பார்வையாளர்கள் காலை பத்து மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் வர வேண்டாம். பார்வையாளராம்! என் புருஷனைப் பார்க்க நான் பார்வையாளராம்!

நேராகப் பெரில் வீட்டுக்குப் போனேன். பெரில் கிளெமின் அக்கா, என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். முப்பத்தொரு வருஷம் கோவிலின் பீடத்துத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டவள். செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறி லிங்கனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய்விடுவாள், மற்ற நாட்களில் வீட்டில்தான் இருப்பாள். நான் கத்தினேன், அழுதேன், அந்தப் பாவி உன் தம்பி சமாதியைக் கருக்குகிறான் என்றேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே, "அந்த ஆளு அப்படிப்பட்டவன் இல்ல எட்னா," என்றாள்.

"ஓ! உனக்கு எப்படித் தெரியும்? அவன் கூடப் பொறந்தவளா நீ?"

"பாத்தா தெரியுதுல்ல. மண்ணு புளிச்சுப் போயிருக்கும். கொஞ்சம் சுண்ணாம்பு தூவு."

"சுண்ணாம்ப உன் வாயில தூவு!" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை. பிளீச் வாடை அடித்ததை அவளிடம் சொல்லக்கூட இல்லை. அவ்வளவு ஆத்திரம்.

புல் கருகிக்கொண்டே போனது. மே மாதக் கடைசியில் அவருடைய நெஞ்சு வரை வந்துவிட்டது. நான் கவுன்சிலுக்கு இரண்டு கடிதம் போட்டேன். விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

விற்கும்போது பேராயம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள், பொட்டால்ஃப் திருநாளை ஒட்டி வரும் ஜூன் மாதச் சனிக்கிழமையில், இரண்டு மணி முதல் நாலு மணி வரை ஊர்க்காரர்களை உள்ளே விட வேண்டும். அன்றைக்கு எல்லோரும் கேக் கொண்டுபோவார்கள். நானும் கேக் டின் ஒன்றைக் கொண்டுபோனேன். உள்ளே இருந்தது சீக்கிரம் இறுகுகிற சிமெண்ட்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லாமல் இல்லை. குழிவெட்டியின் பெண்டாட்டி நான், சிமெண்ட் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பழைய கல்லில் சிமெண்ட் வைத்தவனைக் கண்டால் கிளெம் காறித் துப்புவார். வைப்பதென்றால் சுண்ணாம்புச் சாந்துதான் வைக்க வேண்டும், வேண்டாதபோது சுரண்டி எடுத்துவிடலாம் என்பார். கொட்டகையில் சுண்ணாம்பு மூட்டையும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்று யோசித்துத்தான் சிமெண்டை எடுத்தேன். அவன் சுரண்டி எடுத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். வாக்கு ஞாபகம் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. விஷம் வருவதைவிட ஒன்றுமே வராதது மேல், கிளெம் புரிந்துகொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தோட்டத்துக் குழாயடியில் டின்னில் தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொண்டு உள்ளே போனேன். எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்று, சோபா நன்றாயிருக்கிறது, ஜன்னல் நன்றாயிருக்கிறது என்று அவனுக்கு வழிந்துகொண்டிருந்தார்கள். பெரிலைக் காணவில்லை. வரமாட்டாள், என் முகத்தில் விழிக்கப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். சமையலறைப் பக்கம் ஆளில்லை. டின்னைச் சாய்த்தேன். முதலில் துளை குடித்தது. மடக் மடக்கென்று உள்ளே போனது. பிறகு நிரம்பி, இலைகள் செதுக்கிய கிண்ணம் விளிம்பு வரை வந்து நின்றது. கரண்டியால் மேலே தடவிவிட்டேன்.

வெளியே வரும்போது வாசலில் நின்றவனிடம் நானே சொன்னேன்: "இனிமே ஊத்து பாப்போம்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் கடிதம் வந்தது. நாலு வரி. சுவர்க்குழியில் சிமெண்ட் ஊற்றப்பட்டிருக்கிறது, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கவுன்சிலிலிருந்து மிஸ் பாட்ஜெட் வருகிறார், நீங்களும் வரவும். வரவா? தாராளமாக வருகிறேன். அவன் ஊற்றியதை ஊருக்கே சொல்ல எனக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? அடக்க ஆராதனைக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டை எடுத்துத் தேய்த்து வைத்தேன்.

மிஸ் பாட்ஜெட் ஒல்லியான பெண். முட்டிபோட்டு உட்கார்ந்து ஒரு சின்ன இரும்புக் குச்சியால் சிமெண்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஜைல்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இத நீங்கதான் பண்ணீங்களா மிசஸ் ரட்கின்?"

"நான்தான்."

"இது குத்தம்னு தெரியுமா? கோர்ட்டுக்குக்கூடப் போகலாம்."

"கூட்டிட்டுப் போங்க. ஜட்ஜுக்கும் சொல்றேன். இந்த மனுஷன் ரெண்டு மாசமா இதுல பிளீச் ஊத்தி என் புருஷன் சமாதிய எரிச்சான். வந்து பாருங்க வெளிய, நெஞ்சு வரைக்கும் புல்லு கிடையாது."

அவள் மறுபடி தட்டினாள். "எவ்வளவு ஊத்தினீங்க?"

"ஒரு டின்னு."

"அப்ப அடி வரைக்கும் போயிருக்கும்." அவள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "இந்தக் கல்லு மெது. சிமெண்ட் அதவிடக் கெட்டி. துளை போட்டு எடுக்கப் போனா கிண்ணம் ரெண்டாப் பிளந்துரும். சுண்ணாம்பா இருந்திருந்தா ஒரு மத்தியானத்துல எடுத்திருப்பேன். இத இப்படியே விட வேண்டியதுதான்."

"எப்ப வரைக்கும்?"

"எப்பவுமே."

நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். "நல்லது. இனிமே அவர் மேல விஷம் விழாது."

ஜைல்ஸ் சிரித்தான். இத்தனை நாளில் அவன் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நீங்க கேட்டது நியாயமான கேள்வி மிசஸ் ரட்கின். யாரு ஊத்துனதுன்னு செவ்வாக்கிழமைதான் எனக்கே தெரிஞ்சுச்சு. தண்ணி போகாம தரையெல்லாம் ஓடிச்சு." கூடத்துப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். "பெரில்! கொஞ்சம் இங்க வாங்க."

தொட்டியின் பின்னாலிருந்து பெரில் எழுந்து வந்தாள். இடுப்பில் ஏப்ரன், கையில் ஒரு வாளி. என்னைப் பார்த்ததும் வாளியில் தண்ணீர் தளும்பிக் காலில் கொட்டியது. அவள் கிட்டே வர வர எனக்கு அந்த வாடை அடித்தது. சமாதி மண்ணில் அடித்த அதே வாடை.

"நீ இங்க என்ன பண்ற?"

"வேலை பாக்குறேன். செவ்வா, வெள்ளி."

"லிங்கன்ல மக வீடுன்னு சொன்ன?"

"சொன்னா நீ என்னைய உயிரோட விட்டிருப்பியா?"

"வாளியில என்ன?"

"தொட்டி கழுவின தண்ணி. இருக்கை, பீடத்துப் படி, எல்லாம் பாசி பிடிச்சுக் கிடந்துச்சு. வெறுந் தண்ணியில மட்டும் துடைங்கன்னு இவங்க சீட்டு எழுதி ஒட்டியிருந்தாங்க. லண்டன்காரங்களுக்குப் பாசியப் பத்தி என்ன தெரியும்? நான் என் வீட்டுல இருந்து கொஞ்சம் பிளீச் கொண்டாந்தேன்."

"அத ஏன்டி சுவர்க்குழியில ஊத்துன?"

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "பின்ன எங்க ஊத்துறது? தொட்டி கழுவின தண்ணி எட்னா! பீடத்துப் படி கழுவின தண்ணி! சிங்க்ல ஊத்தினா கக்கூஸ் தண்ணியோட போய்ச் சேரும். முப்பத்தொரு வருஷமா நான் அங்க ஊத்தினதே இல்ல, இனிமேயா ஊத்துவேன்?" அவள் குரல் உடைந்தது. "அதுவுமில்லாம, கோவில பூட்டினதுல இருந்து தம்பிக்கு ஒண்ணுமே போகலையேன்னு இருந்துச்சு. வைன்தான் இல்ல. பீடத்தத் தொட்ட தண்ணியாவது போகட்டும்னு, ஊத்துறப்பல்லாம் 'இந்தா கிளெம்'னு சொல்லித்தான் ஊத்துனேன்."

"பிளீச்சயா? உன் தம்பிக்குப் பிளீச்சயா குடுத்த?"

"அது கிருமியத்தான கொல்லும்னு நெனச்சேன்..."

எனக்கு அவள் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. அறைந்திருப்பேன். ஆனால் எந்த முகத்தோடு அறைவது? அவள் ஊற்றியதை ஒரே வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். மழை பெய்து மண் கழுவி, அடுத்த வருஷம் புல் முளைத்திருக்கும். பிளீச் வாடை அடிக்குதுடி என்று அன்றைக்கு அவள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என் ஆத்திரத்தைத்தான் பெரிதாக நினைத்தேன். அடைக்க விடமாட்டேன் என்று சொன்னவள் நான். அடைத்ததும் நான்.

முட்டிபோட்டு உட்கார்ந்தேன். கோட்டில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி அந்தச் சிமெண்டைச் சுரண்டினேன். வெள்ளைக் கோடுகூட விழவில்லை. ஊசி வளைந்தது. நகத்தால் சுரண்டினேன். மிஸ் பாட்ஜெட் என் தோளைப் பிடித்து, "வேணாம், விடுங்க. கல்லு போயிரும்," என்றாள். என் நகம் போனது அவள் கண்ணில் படவில்லை.

"உங்க வீட்டுக்காரர் மேல இனிமே ஒரு சொட்டு விழாது மிசஸ் ரட்கின்," என்றான் ஜைல்ஸ். "நீங்க கேட்டது அதுதானே? கோர்ட்டுக்கெல்லாம் நான் போகப் போறதில்ல. எனக்கு வேற வேலை இருக்கு." தரையில் கிடந்த என்னைப் பார்த்துக் குரலை இறக்கி, "டீ போடட்டுமா?" என்றான்.

"உன் டீய நீயே குடி!"

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். யாரும் கை கொடுக்கவில்லை, கொடுத்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். பெரில் நின்ற இடத்திலேயே நின்றாள். வாளியைக் கீழே வைக்கவும் மனசில்லை, தூக்கிப் பிடிக்கவும் தெம்பில்லை. கிண்ணத்தில் இறுகிக் கிடந்த சாம்பல் நிறத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஜைல்ஸைக் கேட்கவில்லை, கவுன்சில்காரியைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள்.

"இத இப்ப எங்க எட்னா ஊத்துறது?"

அவள் பதிலுக்காகக் காத்து நின்றாள்.

"கக்கூஸ்ல ஊத்து," என்றேன்.

அவள் போனாள். தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டு முடியும் வரை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றோம்.